ஆலைச் சத்தத்தில் தூங்கும் கிளி

ஒரு பறவையை விமானத்தில் அனுப்ப என்னென்ன வேண்டும் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். வனவிலங்குத் துறையின் உரிமம், கால்நடை மருத்துவரின் சான்றிதழ், சரவாக் தரப்பின் அனுமதி, பெட்டியின் அளவு, காற்றுத் துளைகள், தண்ணீர் சிந்தாதிருக்கக் கிண்ணத்தில் ஒரு பஞ்சு. சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பந்தயக் குதிரையைக்கூட ஏற்றி அனுப்பியிருக்கிறேன். குதிரை குறை சொன்னதில்லை.

ஆகவே, கோலா சாவாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த என் தங்கை கடலுக்கு அப்பால் சரவாக்கில் இருக்கும் கூச்சிங்கில் மகள் வீட்டோடு போய்விடுவது என்று முடிவானபோது, அவளுடைய கிளியை அனுப்பும் வேலை கேட்காமலே என் தலையில் விழுந்தது. அவள் கணவர் செம்பனை எண்ணெய் ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். அவர் இறந்து ஓராண்டாகிவிட்டதால் ஆலைக் குடியிருப்பு வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

கிளி என்றால் பச்சைக்கிளி இல்லை. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், தலையில் கொண்டை. கொண்டை நிமிர்ந்தால் பயம், படுத்தால் நிம்மதி. மனிதர்களுக்கும் இப்படி ஒன்று இருந்திருந்தால் என் அலுவலக வாழ்க்கை எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அதற்குத் தெரிந்த ஒரே வித்தை ஒரு விசில். தங்கையின் கணவர் வேலை முடிந்து வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது அடிக்கிற விசில், கடைசியில் கொஞ்சம் இறங்கும். அவர் போன பிறகும் சாயங்காலம் ஆனால் அந்த வீட்டில் அது கேட்டது. தங்கை அப்போது என்ன வேலையில் இருந்தாலும் ஒரு நொடி நிறுத்துவாள்.

"இது வரலன்னா நானும் வரலண்ணே," என்றாள். "மககிட்ட நீயே சொல்லிடு."

சிரம்பானிலிருந்து தினமும் காரில் போய்க் கிளியைப் பெட்டிக்குப் பழக்கினேன். முதலில் கதவைத் திறந்து வைத்துத் தினை, பிறகு கதவைச் சாத்திக் கொஞ்ச நேரம், பிறகு பெட்டியோடு செம்மண் பாதையில் ஒரு சுற்று. "என்னண்ணே, காலைல பெரட்டுக்குக் கூப்பிடற மாதிரி டெய்லி வந்து நிக்கிற? மண்டோர் வேலைக்குப் போயிருக்கலாம் லா நீ," என்று தங்கை கிண்டலடித்தாள். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதுதான் பெரட்டு, எடுக்கிற மேற்பார்வைக்காரர் மண்டோர். கிளி நன்றாகவே தேறி வந்தது. பழக்கும் இடம் அமைதியாக இருக்க வேண்டும் என்ற ஒரு விதியைத்தான் நிறைவேற்ற முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஆலை இரவும் பகலும் இரைந்துகொண்டிருந்தது.

பயணத்துக்கு முந்திய வாரம் பாய்லர் சோதனைக்காக ஆலையை நிறுத்தினார்கள். வானொலி, தொலைக்காட்சி, விசிறி எல்லாம் ஏற்கெனவே பெட்டி கட்டிக் கப்பலில் போய்விட்டன. விதி கேட்ட அமைதி வாய்த்துவிட்டது என்று நான் மகிழ்ந்தேன்.

அன்று இருட்டும் நேரத்தில் கிளி கூண்டுக்குள் வெறி பிடித்ததுபோல் மோதியது. விளக்கைப் போடுவதற்குள் ஓர் இறகு முறிந்து ரத்தம் கசிந்தது. கொண்டை ஈட்டி மாதிரி நின்றது. மறுநாள் தினையைத் தொடவில்லை, விசிலும் இல்லை. தம்பின் ஊரிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் புரட்டிப் பார்த்து, நோய் எதுவும் இல்லை, ஆனால் இப்படியே சாப்பிடாமல் இருந்தால் பயணம் தாங்காது என்றார். தங்கை, கட்டி வைத்திருந்த துணிமூட்டை ஒன்றை அவிழ்த்துச் சேலைகளை அலமாரியில் திரும்ப அடுக்கினாள்.

என் விதிமுறைகளை முதலிலிருந்து புரட்டினேன். பெட்டி சரி, உணவு சரி, இடம் அமைதி. எல்லாம் சரியாக இருந்தது, கிளியைத் தவிர.

அதற்கடுத்த நாள் காலை கூண்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். ஆலைப் பக்கம் நீராவி சீறியது. பிறகு இயந்திரங்கள் ஒவ்வொன்றாக இரையத் தொடங்கின. நாற்காலிக் காலில் அந்த அதிர்வு ஏறியது. கிளி தலையைச் சாய்த்துக் கேட்டது. கொண்டை மெல்ல மெல்லப் படிந்தது. கம்பியிலிருந்து இறங்கி, கூண்டோடு பொருத்தியிருந்த பெட்டிக்குள் தானாக நடந்து போய்த் தினையைக் கொத்தியது.

நான் அசையவில்லை. கடைக் கூண்டில் பொரிந்த குஞ்சு அது. அதன் தாய்கூடப் பருந்தைப் பார்த்திருக்காது. ஆனாலும், சுற்றிலும் எல்லாச் சத்தமும் அடங்கினால் மேலே ஏதோ வட்டமிடுகிறது என்ற செய்தி நெல்லிக்காய் அளவு தலைக்குள் எங்கேயோ பத்திரமாக இருந்திருக்கிறது. முந்திய ஆண்டுகளில் ஆலை நின்றபோது வானொலி அதைக் காப்பாற்றியிருக்கிறது. இந்த முறை பேரமைதி. எனக்கு இரைச்சலாக இருந்ததெல்லாம் அதற்கு, ஆபத்தில்லை, தூங்கு என்று யாரோ சொல்லிக்கொண்டே இருப்பது. அப்படியென்றால் விமானத்தின் வயிறு? அங்கேயும் இரைச்சல்தான், இந்த ஆலையைப் போலவே. இத்தனை காலம் உயிர்களை ஏற்றி அனுப்பியும், உள்ளே இருக்கிறவர்களுக்கு என்ன கேட்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். சேலைகள் மறுபடி மூட்டைக்குள் போயின.

சரக்குக் கூடத்தில் பெட்டியை வாங்கிய ஊழியரிடம், அமைதியான அறை வேண்டாம், குளிரூட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் வையுங்கள் என்றேன். "எல்லாரும் சத்தமில்லாத இடம்தான் அங்கிள் கேப்பாங்க," என்றார். ஆலை வீட்டுப் பழக்கம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். துளை வழியே குனிந்து பார்த்தேன். வெளியே விமானங்கள் கர்ஜித்துக்கொண்டிருந்தன. கிளி ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடியிருந்தது.

அதே விமானத்தில் போன தங்கை மாலையில் கூச்சிங்கிலிருந்து அழைத்தாள். பஞ்சு நனைந்தபடியே இருக்கிறதா, இறகு எப்படி என்று வரிசையாகக் கேட்டேன். மகள் வீடு பத்தாவது மாடி, ஒரே நிசப்தம், வந்ததும் கொண்டை தூக்கிவிட்டது, அதனால் துணி துவைக்கும் மெஷினை வெறுமனே ஓட விட்டிருக்கிறேன், மகள் திட்டுகிறாள் என்றாள்.

"நீ கேட்டதெல்லாம் போதும்ணே. இதக் கேளு."

மெஷின் இரைந்தது. அதற்கு மேலே, கடைசியில் கொஞ்சம் இறங்கி, அந்த விசில்.