கணுக்கால் வரை

வேடியப்பனின் இடது கால் மார்கழி முழுக்கச் சில்லிட்டுக் கிடந்தது. பனியில் கால் சில்லிட்டால் மலையில் யாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். அடுப்பங்கரையில் உட்கார்ந்து தணலுக்கு நேரே நீட்டினார். சூடு தெரியவில்லை. இன்னும் கிட்டே தள்ளினார்.

"இன்னாய்யா, தோலு பொசுங்குற வாட வருது?" என்று மனைவி முத்தம்மாள் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். பெருவிரல் வெந்திருந்தது. வலியே இல்லை.

புளியமரம் ஏறி உலுக்கிப் பிழைக்கிறவருக்கு அந்த வலியில்லாமைதான் பயத்தைக் கொடுத்தது. விரல் கறுத்தது. ஒடுகத்தூர் டாக்டர் பாதத்தில் நாடி தேடினார், கிடைக்கவில்லை. வேலூருக்கு அனுப்பினார்.

அங்கே பெரிய டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. "ரத்தக்குழாய்ல மருந்து விட்டு எக்ஸ்ரேல பாப்போம். முட்டிக்குக் கீழ ரத்தம் எட்டுச்சுன்னா அடைப்பைத் தாண்டி வழி பண்ணலாம். எட்டலைன்னா தொடையோட எடுக்கணும்."

மேசையில் படுக்கவைத்து, நல்ல காலான வலது பக்கத் தொடையிடுக்கை மரக்கவைத்து, அதன் வழியாக இடது காலுக்கு மெல்லிய குழாயைச் செருகினார்கள். "சூடா ஓடும். அசையாதீங்க," என்றார் படம் எடுக்கும் சரிதா.

ஓடியது சூடல்ல, நெருப்பு. கால் தானாக உதறியது. திரையில் படம் கலங்கிப்போனது.

"மரம் ஏறுறவருன்னாங்க, இப்டித் துள்றீங்களே?"

"மரத்துல யாரும் நெருப்பு ஊத்த மாட்டாங்கம்மா."

"இன்னொரு தபாதான் விடலாம். அதுக்கு மேல கிட்னி தாங்காது."

வேடியப்பன் கண்ணை மூடினார். உச்சிக் கொம்பில் குளவி கலைந்தால் கையை வீசுகிறவன் விழுவான். கன்னத்தைப் பட்டையில் ஒட்டி, கொட்டினால் கொட்டட்டும் என்று மூச்சடக்கிக் கிடக்க வேண்டும். அப்படியே கிடந்தார். நெருப்பு தொடையில் இறங்கியது, முட்டிக்கு வந்தது, நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கால் போயிற்று என்று நினைத்தார். அப்போதும் அசையவில்லை.

"இருங்க... இருங்க," என்றார் சரிதா.

திரையில் பெரிய குழாய் முட்டிக்கு மேலேயே முடிந்திருந்தது. பக்கத்துச் சிறு குழாய்கள் மட்டும் அடைப்பைச் சுற்றிக்கொண்டு போயின. வெகுவாகப் பிந்தி, நூல்போல ஒரு கோடு கணுக்காலைத் தொட்டது. திரையைப் பார்த்து நின்ற பெரிய டாக்டர் அப்போதுதான் மூச்சு விட்டார்.

வெளியே கொண்டுவந்தபோது முத்தம்மாள் வேடியப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வையைத் தூக்கிக் காலைப் பார்த்தாள். "இன்னா சொன்னாங்க?"

"கால் இருக்குமாம். விரலு போவுதாம்."

"போவட்டும், மிச்சம் ஒம்போது இருக்குதில்ல. குழா விட்ட வலது காலை மடக்காத. நீட்டியே வெக்கச் சொல்லிருக்காங்க."