ஆஸ்பத்திரியில் எடுத்த சீட்டு

எங்கள் கரையில் ஒரு காலத்தில் என் வலது கைக்குத் தனி மரியாதை இருந்தது. பாம்பனில் எங்கள் பக்கம் கரைவலை இழுக்கிறவர்கள், விடிகாலையில் யார் முதலில் வலை வளைப்பது என்று அடித்துக்கொள்ளாமல் இருக்கச் சீட்டு எடுப்பார்கள். சீட்டு என்றால் காகிதம் இல்லை. ஒவ்வொரு கூட்டமும் தன் அடையாளமாக ஒரு பொருளை ஓலைப்பெட்டியில் போடும். ஒருவர் புளியங்கொட்டை போடுவார், இன்னொருவர் அறுந்த கயிற்றுத் துண்டு, எங்கள் அய்யா ஒரு சங்கு. கள்ளம் தெரியாத பிள்ளை ஒன்று கண்ணைக் கட்டிக்கொண்டு, தடவிக் கண்டுபிடித்துவிடாதபடி கையிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். அந்தப் பிள்ளை நான்.

வெளியே வருகிற வரிசையில்தான் வலை வளைக்க வேண்டும்; முதலில் வளைப்பவனுக்குத்தான் மீன். கடைசி ஆளுக்குக் கலங்கல் தண்ணீரும் நாலு நண்டும் மிஞ்சினால் உண்டு. நான் எடுத்தால் ஞாயமாக இருக்கும் என்று கரையே சொல்லும். காரணம் ரொம்ப எளிது, எங்கள் அய்யாவின் சங்கு பெரும்பாலும் கடைசியில்தான் வரும். "பெத்த அய்யனுக்கே பாக்காத பிள்ளை, வேற யாருக்குப் பாக்கப் போகுது?" என்று சிரிப்பார்கள். அய்யாவும் சிரித்துவிடுவார். அம்மாவுக்குத்தான் பொறுக்காது. "ஏன்டி, ஒரு நாளாவது ஒன் கைக்கு வீட்டு நெனப்பு வருதா?" என்று என் உச்சந்தலையில் ஒரு குட்டு வைப்பாள்.

நான் நாலாம் வகுப்பு முடித்த வருடம், அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று ராமநாதபுரத்தில் சொன்னார்கள். அங்கிருந்து மதுரையில் உள்ள மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன் ஆகி, ஊசி மருந்தெல்லாம் ஏறி, அம்மாவின் முடி முழுக்கக் கொட்டிப்போன பிறகு, கரண்ட் வைக்கிறது மட்டும் பாக்கி இருந்தது. கதிர் வைத்தியத்துக்கு எங்கள் சனம் வைத்த பேர் அது. முழுப்பரீட்சை லீவு என்பதால் துணைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அந்த ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்பி வருவதில்லை என்று யாரிடமோ சொன்னதை நான் கேட்டிருந்தேன். போய்ப் பார்த்தால் அங்கே வராந்தா நிறையப் பெண்கள் உட்கார்ந்து மருமகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரிய டாக்டர் அம்மா காலையில் வரும்போது, கோழிக்குப் பின்னால் குஞ்சுகள் மாதிரி படிக்கிற டாக்டர்கள் வருவார்கள். அவர் திடீரென்று நின்று கேள்வி கேட்பார். பதில் தெரியாதவர்கள் விட்டத்தைப் பார்ப்பார்கள். இவ்வளவு பெரியவர்களுக்கும் வாத்தியார் உண்டு, திட்டு உண்டு என்று தெரிந்ததில் எனக்குச் சொல்ல முடியாத ஆறுதல்.

அந்தக் குஞ்சுகளில் ஒருத்திதான் டாக்டர் அக்கா. அவள்தான் அம்மா, அய்யா, மாமா, நான் என எங்கள் நாலு பேரையும் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துப் பேசினாள்.

"கரண்ட ரெண்டு விதமா வைக்கலாம்மா. கொஞ்சங் கொஞ்சமா அஞ்சு வாரம் வைக்கிறது பழைய முறை. தினம் கொஞ்சம் கூட்டி வச்சு மூணே வாரத்துல முடிக்கிறது இன்னொண்ணு. வெளிநாட்டுல பாத்திருக்காங்க. நம்ம சனங்களுக்கும் அது அதே அளவு கேக்குதான்னு இங்க ஆராய்ச்சி பண்றோம். எது மேல்னு எங்களுக்கு இன்னும் தெரியாது. அதனால யாருக்கு எதுன்னு நாங்க முடிவு பண்ணமாட்டோம், கம்ப்யூட்டரே எடுத்துக் குடுக்கும். சம்மதம்னா சேருங்க. வேணாம்னாலும் வைத்தியத்துல ஒரு குறையும் வராது."

மாமா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "ஆத்தாடி! உசுர வச்சா சீட்டுப் போடுறீங்க? தெரியாதுன்னு சொல்ற டாக்டர்ட்டயா எங்க அக்காவ விட்டுட்டுப் போறது?"

டாக்டர் அக்காவுக்குக் கோபமே வரவில்லை. "தெரிஞ்சா அதையே குடுத்திருவேனேண்ணே. தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொன்னாத்தான தப்பு?" என்றாள். அதற்குப் பிறகு எல்லாம் தெரிந்த எத்தனையோ பேரை நான் பார்த்துவிட்டேன். தெரியாது என்பதை அப்படி முகத்துக்கு நேராகச் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அய்யா மெல்ல, "உக்காரு மாப்ள. கரையில நாம எதுக்குச் சீட்டுப் போடுறோம்? ஆளப் பாத்து எடத்தக் குடுத்தா ஓரவஞ்சனை வந்துரும்னுதான?" என்றார். மாமா உட்கார்ந்தார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

அம்மா தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு, "எது மேல்னு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"வருசக்கணக்காகும்மா. ஒங்களுக்கப்புறம் வர்ற பொம்பளைங்களுக்குத்தான் அது ஒதவும்."

அம்மா என் தோளில் கையை வைத்து, "சேத்துக்கங்க. சீட்ட மட்டும் எம் மக எடுக்கட்டும்" என்றாள்.

டாக்டர் அக்கா சிரித்துவிட்டாள். எடுப்பது கம்ப்யூட்டர்தான், பொத்தானை வேண்டுமானால் பிள்ளை அழுத்தட்டும் என்றாள். நான் முறைப்படி கண்ணை இறுக்க மூடி, அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டேன். மூன்று வாரம் வரட்டும், மூன்று வாரம் வரட்டும் என்று வாய்க்குள் சொன்னபடி அழுத்தினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிக்கல்காரம்மாவுக்கு, கடலாடிப் பக்கம் சிக்கல் என்ற ஊரின் விவசாயக்காரி அவள், மூன்று வாரம் வந்திருந்தது. அம்மாவுக்கும் அதுவே வந்துவிட்டால் பள்ளிக்கூடம் திறக்குமுன் வீட்டுக்குப் போய்விடலாம், அம்மா பிழைத்துக்கொள்வாள் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ஐந்து வாரம் வந்தது.

நான் போட்ட சத்தத்தில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். புதுசு நல்லது, பழசு மட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவின் உயிரை நானே கடைசி ஆளாக எடுத்துப் போட்டுவிட்டேன். "நான் அப்பவே சொன்னேன்" என்று மாமா வேறு ஆரம்பித்தார். அம்மாவோ என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஒன் கை மதுரைக்கு வந்தும் மாறலையேடி!"

எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

சிக்கல்காரம்மா முடித்துக்கொண்டு கிளம்பிய அன்று என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நான் பதிலுக்கு ஆட்டவில்லை. அம்மா தன் மார்பில் மையால் போட்ட கோடுகள் அழியாமல் குளிக்காமல் ஈரத்துணியால் மட்டும் ஒற்றிக்கொண்டு, தோல் கறுத்து, பாக்கி நாட்களையும் ஓட்டினாள். ஊருக்கு வந்த பிறகு அய்யா ஓலைப்பெட்டியை நீட்டியபோது நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் வேறு பிள்ளைதான் எடுத்தது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்களை விடவில்லை. வருடக்கணக்காகப் போன் வந்தது. கை வீங்குதா, வலி இருக்கா, எப்போது வருகிறீர்கள் என்று விசாரணை. அம்மா போகும்போதெல்லாம் சிக்கல்காரம்மாவையும் அங்கே பார்ப்பாள். இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே மாதிரி அளந்து பார்த்து அனுப்புவார்கள். தெரியாது என்று சொன்னவர்கள் சும்மா இருந்துவிடவில்லை, தெரிந்துகொள்ள அத்தனை பாடுபட்டார்கள். "பொண்ணக் கட்டிக் குடுத்த வீடு மாதிரில்ல விசாரிக்கிறாய்ங்க!" என்று மாமாவே ஒருநாள் மலைத்துப்போனார்.

போன வருடம் சின்னம்மாவுக்கு, அம்மாவின் தங்கைக்கு, அதே இடத்தில் அதே கட்டி. இந்தத் தடவை நானும் அம்மாவும் துணைக்குப் போனோம். டாக்டர் அக்கா இப்போது பெரிய டாக்டர். காதோரம் நரைத்துவிட்டது, பின்னால் அவளுக்கென்று ஒரு கூட்டம் குஞ்சுகள். அவள் கேள்வி கேட்க, அவர்கள் விட்டத்தைப் பார்த்தார்கள்.

சின்னம்மாவிடம் மூன்று வாரம் என்றாள். நான் என்னை அறியாமல், "சீட்டு எடுக்கலையா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பொத்தான அழுத்திட்டு அழுத பிள்ளையா நீ?" என்று சிரித்தாள். "இப்ப எதுக்கும்மா சீட்டு? ரெண்டும் ஒரே அளவு கேக்குதுன்னு தெரிஞ்சு போச்சே. இவங்களுக்கு மூணு வாரம் போதும். அன்னைக்கு ரெண்டு பக்கமும் ஆள் இருந்ததாலதான் தெரிஞ்சது. எல்லாரும் மூணு வாரமே கேட்டிருந்தா, எத வச்சு நாங்க ஒத்துப் பாக்குறது?"

மூன்று வாரம் முடிந்து ராமேஸ்வரம் ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். மண்டபம் தாண்டிப் பாலத்தில் வண்டி மெதுவாக ஏறியபோது சின்னம்மா கேட்டாள். "எனக்கு வெரசா முடிச்சு அனுப்பிட்டாக. ஒனக்கு மட்டும் ஏங்க்கா அஞ்சு வாரம்?"

அம்மா பனங்கிழங்கின் நாரை உரித்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள். "ஒனக்கும் சேத்துத்தான்டி நான் அன்னைக்கே இருந்துட்டு வந்தேன்."

சீட்டில் கடைசியாக வருவது தோற்றுப்போவது என்றுதான் அன்றைக்கு எனக்குத் தெரியும். அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்வதற்குத் தன் உடம்பையே கொடுத்துவிட்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்பது தெரியாது. அதுவும், என்னை மடியில் போட்டுச் சிரித்துக்கொண்டு.