கூட வந்தவரிடம் சொல்லியாயிற்று

டாக்டர் என்னைப் பற்றிக் கேட்கிற கேள்விக்கெல்லாம் அண்ணன்தான் பதில் சொல்வார். "தூக்கம் எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்பார். "நல்லா தூங்குறா சார்" என்பார் அண்ணன். "பசி?" "பரவால்ல சார், சாப்பிடுறா." நான் இரண்டு பேருக்கும் நடுவில் முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். தூங்கியது நான், சாப்பிட்டது நான், டாக்டர் அறுத்துத் தைத்ததும் என் மண்டையைத்தான். ஆனால் ரிப்பேருக்குக் கொண்டுவந்த சைக்கிளைப் பற்றிப் பேசுவதுபோல அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் அண்ணன் என் பக்கம் திரும்பி, "நீ கொஞ்சம் வெளியே உக்காரும்மா" என்பார். முக்கியமான பேச்சு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். அப்பா போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகியிருந்தது. வீட்டில் அம்மா, அண்ணன், நான். அண்ணனுக்கு நகரத்தில் அரசாங்க ஆபீஸ் வேலை. என்னைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்குக் கல்யாணம் என்று உட்கார்ந்திருந்தவர். எனக்குப் பல்லாவரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. காலையில் இரண்டு பேரும் ஒரே மின்சார வண்டியில் ஏறுவோம். நான் பல்லாவரத்தில் இறங்கிவிடுவேன்.

ஒரு நாள் போர்டில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது வலது கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது. சாக்பீஸ் கீழே விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். அடுத்த முறை தாம்பரம் பிளாட்பாரத்தில் வந்தது. வண்டி உள்ளே நுழைந்துகொண்டிருந்த நேரம். அண்ணன் பக்கத்தில் நின்றதால் சேலையைப் பிடித்து இழுத்துப் பின்னால் தள்ளியிருக்கிறார். எனக்கு நினைவு திரும்பியபோது என் கையில் யாருடையதோ ஒரு சாவிக்கொத்து இருந்தது. இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று யாரோ திணித்திருந்தார்கள். அண்ணன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து என்னைவிட மோசமாக நடுங்கிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி. கழுத்தில் ஊசி போட்டுப் படம் எடுத்தார்கள். மூளையை அழுத்திக்கொண்டு ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. தெரிந்தது என்றால், அண்ணனுக்குத் தெரிந்தது. என்னிடம் "நரம்புல ஒரு சின்ன முடிச்சு, எடுத்துட்டா சரியாயிடும்" என்றார். நரம்பில் முடிச்சு எடுக்க எதற்கு முழு மொட்டை? கட்டி என்பது வார்டில் நர்ஸ்கள் பேசிக்கொண்டதில்தான் என் காதில் விழுந்தது. நாவிதர் வந்து என் தலையைச் சிரைத்தபோது அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, சர்ச்சில் விசாரித்தவர்களிடம் டைபாய்டு என்று சொல்லிவிட்டாள். மூளை என்ற வார்த்தை எங்கள் வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கீழ்ப்பாக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரி கேஸ் என்று முத்திரை குத்திவிடுவார்கள், பிறகு எந்த மாப்பிள்ளை வருவான் என்பது அம்மாவின் கவலை. எனக்கு மாப்பிள்ளையைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. திரும்பவும் அந்த போர்டுக்கு முன்னால் போய் நிற்க முடியுமா என்பது ஒன்றுதான் என் கவலை.

டாக்டர் காலையில் ஒரு கூட்டத்தோடு வார்டுக்கு வருவார். கெட்டிக்காரர், கைராசிக்காரர் என்று ஆயா முதல் நர்ஸ் வரை சொல்வார்கள். அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன். கையை நீட்டச் சொல்வார், மூக்கைத் தொடச் சொல்வார், உள்ளங்காலில் சாவியால் கீறிப் பார்ப்பார். ஒருமுறை, "நூறிலிருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்க" என்றார். கணக்கு டீச்சரிடம் கேட்கிற கேள்வியா அது? உற்சாகமாக ஆரம்பித்தேன். நான் எழுபத்திரண்டுக்கு வந்தபோது அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மீதியை யாரிடம் சொல்ல?

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மட்டும் துணிந்து ஒரு கேள்வி கேட்டேன். "சார், நான் திரும்ப ஸ்கூலுக்குப் போய் போர்டுல எழுத முடியுமா?" அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தலைமாட்டில் நின்ற அண்ணனிடம், "கவலைப்பட வேணாம்னு சொல்லுங்க" என்றார். நான் என்ன செவிடா, இல்லை வேற்று பாஷைக்காரியா?

அடுத்த கட்டிலில் ஒரு அம்மாள் இருந்தாள். பல்லாவரம் சந்தையில் கருவாடு விற்கிறவள். பஸ்ஸிலிருந்து விழுந்து மண்டையில் அடி, பல வாரமாகத் தலைவலி. புருஷன் எங்கோ ஓடிப்போய்விட்டான், பிள்ளை குட்டி இல்லை. அவளைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. டாக்டர் அவள் கட்டிலுக்கு வந்தபோது, "கூட யாரு வந்திருக்காங்க?" என்று வழக்கம்போலக் கேட்டார்.

"யாரும் இல்ல சார். இன்னா கீது என் மண்டைல? என்னாண்டயே சொல்லிடு" என்றாள் அவள்.

சொன்னார். எனக்கு நம்பவே முடியவில்லை. மண்டைக்குள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, ஓட்டை போட்டு எடுக்க வேண்டும், எடுக்காமல் விட்டால் உயிருக்கு ஆபத்து, எடுத்தால் தலைவலி போய்விடும் என்று கட்டில் ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"எட்த்தப்புறம் தலைல கூடை தூக்கலாமா?"

"மூணு மாசம் போகட்டும். அப்புறம் தூக்கு. முதல்ல சின்னக் கூடை" என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தார்.

அன்று சாயந்திரம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளிடம் சொல்லி ஆற்றாமைப்பட்டேன். அவள் தன் தலையைச் சொறிந்துகொண்டே, "உனுக்கு ஆளு கீது டீச்சரம்மா, அவங்களாண்ட சொல்றாரு. எனுக்கு நான்தான் ஆளு" என்றாள். உறவுக்காரர்கள் இல்லாத அவளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன் என்றால் யாராவது நம்புவார்களா?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்தேன். முடி முள்ளாக முளைத்து, பிறகு கிராப்பு மாதிரி வளர்ந்து, காதை மூடியது. வலிப்பு ஒருமுறைகூட வரவில்லை. வந்ததெல்லாம் சட்டங்கள்தான். கிணற்றடிக்குத் தனியாகப் போகக் கூடாது. அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. ஸ்டேஷன் பக்கம் தனியாகத் தலைவைத்தும் படுக்கக் கூடாது. தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால், "மூளையைப் போட்டு அலட்டிக்காதே" என்பார் அண்ணன். மாத்திரையால் ஈறு வீங்கி, பகலெல்லாம் கண் சொருகும். ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிச் சத்தத்தை எண்ணுவதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் இல்லை.

டாக்டரைப் பார்க்கப் போனால் பழைய கதைதான். நான் வெளியே பெஞ்சில், அண்ணன் உள்ளே. திரும்பி வரும்போது வண்டியில் கேட்பேன்.

"என்ன அண்ணா சொன்னார்?"

"ரெஸ்ட் எடுக்கணும்னார். மாத்திரையை விடக் கூடாதுன்னார்."

"ஸ்கூலுக்கு எப்போ போகலாமாம்?"

"அதெல்லாம் இப்போ எதுக்கு?"

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த முகத்தைப் பார்த்து நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கட்டி திரும்ப வளர்கிறது. நான் சாகப் போகிறேன். அதைத்தான் மறைக்கிறார்கள். வேறு எதற்காக ஒரு மனிதர் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் மீனம்பாக்கத்து வயலைப் பார்த்துக்கொண்டு வருவார்?

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. செத்தாலும் தெரிந்துகொண்டு சாகலாம் என்று ஒரு நாள் வெறுத்தே போய்விட்டது. கருவாட்டுக்கார அம்மாள் சொன்னது மனதில் இருந்தது. ஆள் கூட இருக்கிற வரைக்கும் அந்த டாக்டர் என்னிடம் வாயைத் திறக்க மாட்டார். அண்ணன் ஆபீஸ் வேலையாகத் திருச்சிக்குப் போயிருந்தார். அம்மா சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போனதும் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஸ்டேஷனில் தண்டவாளத்துக்கு எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். பயமாகத்தான் இருந்தது.

டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "அண்ணன் வரலையா?" என்றார்.

"வரலை சார். யாரும் வரலை. எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க. தலை என்னுது."

குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. பக்கத்திலிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அவர் பேனாவை மூடி வைத்தார். என் மண்டைக்குள்ளே பார்த்தவர், என் முகத்தைப் பார்த்துப் பேசியது அன்றைக்குத்தான்.

"கட்டியை முழுசா எடுத்தாச்சு. கெட்ட கட்டி இல்ல. திரும்ப வந்த மாதிரியும் தெரியல. வலிப்பு வந்துதா?"

"ஒரு தடவைகூட இல்ல சார்."

"அப்புறம் என்ன? ஸ்கூலுக்குப் போயிட்டுத்தானே இருக்கீங்க?"

"இல்ல சார். நீங்க ரெஸ்ட் எடுக்கச் சொன்னதா..."

"நானா?" என்றார். "போன கோடை லீவிலேயே உங்க அண்ணன்கிட்ட சொன்னேனே. ஸ்கூல் திறந்ததும் போகட்டும், மாத்திரையை மட்டும் ஒழுங்கா சாப்பிடட்டும்னு."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். சாகப் போவதில்லை என்று சொல்கிறாரே. ஆனால் வந்தது கோபம், காது வரைக்கும் ஏறியது. "அப்போ நானும் வந்திருந்தேன் சார். அந்தக் கதவுக்கு வெளியிலதான் உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"கூட வந்தவங்ககிட்ட சொல்றதுதான்மா எங்க வழக்கம்" என்றார். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. என்னை அதட்டவும் இல்லை. மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதி, முதல்முறையாக அதை என் கையில் கொடுத்தார்.

திரும்பும்போது நேராக வீட்டுக்குப் போகாமல் பல்லாவரத்தில் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். என் வகுப்பில் வேறொரு பெண் போர்டில் எழுதிக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "இனிமே வேலைக்கே போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராமே. உங்க அண்ணன் கண்ணெல்லாம் கலங்கிப்போய் நேர்ல வந்து சொன்னார். அதுக்கப்புறம்தான் வேற டீச்சரைப் போட்டோம். அதுவரைக்கும் உங்க இடத்தைக் காலியாத்தான் வெச்சிருந்தேன்" என்றார். எனக்கு வேறு இடம் கிடைக்க, அதுவும் கூடுவாஞ்சேரியில், பிறகு ஒரு முழு வருஷம் பிடித்தது.

மறுநாள் சாயந்திரம் அண்ணன் பையோடு உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றக்கூட விடாமல், டாக்டரையும் தலைமையாசிரியையையும் பார்த்து வந்ததைச் சொன்னேன். அவர் இல்லை என்று சாதிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவருக்கு என்ன? போகட்டும்னு சொல்லிட்டு அடுத்த கேஸைப் பார்ப்பார். அன்னைக்கு பிளாட்பாரத்துல நான் ஒரு அடி தள்ளி நின்னிருந்தா?" என்றார்.

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. பயமா இருக்கு, போகாதேன்னு சொல்லியிருக்கலாமே. எதுக்கு டாக்டர் பேரைச் சொன்னீங்க?"

"என் பயத்துக்கு நீ அடங்க மாட்டே. டாக்டர் சொன்னார்னா அடங்குவே. உண்மையைச் சொல்லியிருந்தா நீ கிளம்பிப் போயிருப்பே."

"போறதுக்குத்தானே அண்ணா தலையைக் கொடுத்தேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவரை மனசாரத் திட்டவும் எனக்கு வரவில்லை. திட்டாமல் விட்ட அந்த ஆத்திரம் இன்னும் எனக்குத் தீரவில்லை.