கடல்நாய்ப் பெண்ணின் கதை சொன்னவர்

மலேசியாவில், கெமாஸ் போகும் ரயிலில் என் எதிரே அமர்ந்திருந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அந்த வெக்கையிலும் கழுத்தில் கம்பளித் துண்டு. வெளியே செம்பனைத் தோட்டங்கள் ஓடின. அவரோ கைப்பேசியில் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் படுத்திருக்கும் கடல்நாய்களையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க நர்ஸா இருந்தேன் தம்பி. லாபு தோட்டத்துல அப்பா படுத்த படுக்கையாயிட்டாரு, வந்துட்டேன்," என்றவர், ஸ்காட்லாந்துக் கதையொன்று சொன்னார். கடல்நாய் ஒன்று தோலைக் கழற்றிப் பெண்ணானதாம். மீனவன் ஒருவன் தோலை ஒளித்துவைத்து அவளைக் கட்டிக்கொண்டானாம். பல வருஷம் கழித்துத் தோல் கிடைத்ததும் அவள் கடலுக்கே போய்விட்டாளாம்.

"பிள்ளைங்க?" என்றேன்.

"கரையில நின்னுச்சுங்க. அவ தண்ணியிலேருந்து தலையத் தூக்கிப் பாத்துக்கிட்டே இருப்பாளாம்."

"உங்களுக்குப் பிள்ளைங்க?"

"ஒரே மகன். அங்கதான் இருக்கான் லா."

லாபு நெருங்கியபோது அவர் கைப்பேசி ஒலித்தது. "வந்துடுறேன்பா," என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். தகப்பனிடம் சொன்னாரா, மகனிடமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.