ராகு காலத்துக்குப் பத்து நிமிடம் முன்

ஒன்பது வருடமாக ஜீவராணி பார்த்து வந்த காட்சி இது. காலை எட்டரைக்கு நவரத்தினம் அலுவலகக் கதவைத் திறப்பார். செருப்பைக் கழற்றும் முன்பே சுவர் நாட்காட்டியில் நேற்றைய தாளைக் கிழிப்பார். அதன் பின்பக்கத்தில் இன்றைய ராகு காலத்தைப் பென்சிலால் எழுதி, நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைப்பார். பிறகுதான் மின்விசிறியைப் போடுவார். காத்திருக்கும் நோயாளிகளுக்கு வணக்கம் சொல்வது அதற்கும் பிறகு, அதுவும் மனம் இருந்தால்.

கொக்குவிலில் பிறந்தவர். கொழும்பில் அரசாங்கத் திணைக்களமொன்றில் முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்று, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் மாடிவீடு வாங்கியவர். "என்ர கையெழுத்தில ஒரு பைலும் பிழைச்சதில்லை" என்பது அவருடைய பெருமை. அவர் கையெழுத்தில் ஒரு பைலும் நகர்ந்ததில்லை என்பதே அதன் சரியான பொருள் என்று ஜீவராணி இரண்டாம் வருடமே கண்டுபிடித்தாள்.

லண்டனிலிருந்த சிலர் காலி வீதி என்ற பெருந்தெருப் பக்கம் இரண்டு அறை எடுத்து, சிறுநீரக நோயாளருக்கு இலவசமாக மருந்து கொடுக்கும் அறக்கட்டளையொன்றைத் தொடங்கியபோது செயலாளராக அவரைப் பிடித்தார்கள். அவரிடம் நேரமும் வெள்ளைச் சட்டைகளும் இருந்தன. வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை. நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: ஒரு சதம்கூட அவர் தொட்டதில்லை, ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. வந்து என்ன செய்தார் என்பது வேறு கேள்வி.

செய்ததெல்லாம் ஜீவராணி. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருபவள். அப்பா இராமர், கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். நோயாளிகளின் விவரங்களைத் தட்டச்சு செய்யத்தான் வந்தாள்; பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் பின்னேரங்களில் படித்துக் கணினியில் பட்டம் எடுத்தாள், அந்த வீட்டின் முதல் பட்டம். சான்றிதழைக் காட்டியபோது நவரத்தினம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "வெளிவாரியோ? பரவாயில்லை, அதுவும் பட்டந்தானே" என்றார்.

அறுநூற்று நாற்பது நோயாளிகள். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாருக்குக் கடைசியாக இரத்தம் ஏற்றியது எப்போது எல்லாமே ஒரு டேட்டாபேஸில் இருந்தன. அது இருந்தது வெளிநாட்டுக் கம்பனியொன்றிடம் வாடகைக்கு எடுத்த கணினிகளில். மெல்பேர்னுக்குப் போவதற்கு முன் உமாசுதன் என்ற இளைஞன் அதையெல்லாம் ஒரே ஒழுங்கில் எழுதி வைத்திருந்தான்: ஒரு கட்டளை போட்டால் முழுவதும் எழும்பும், இன்னொன்று போட்டால் முழுவதும் தரைமட்டமாகும்.

லண்டன்காரர்களுக்கு ஆர்வம் தீர்ந்தது. மாதக் கடைசியோடு அறக்கட்டளையை மூடுவது, பில் நிற்க வாடகைக் கணினிகளில் உள்ளதையெல்லாம் அழிப்பது, நோயாளிகளைப் பம்பலப்பிட்டியில் ஒரு தர்ம வைத்தியசாலை எடுத்துக்கொள்வது என்று முடிவானது. வைத்தியசாலைக்காரர் கேட்டது ஒன்றுதான்: பழைய விவரங்கள் முழுவதும் வேண்டும். அவை இல்லாமல் மருந்து எழுத மாட்டோம்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமையாக விழுந்தது. ஜீவராணி எட்டரைக்குக் கதவு திறந்ததுமே டேட்டாபேஸைப் பிரதி எடுக்கத் தொடங்கியிருந்தாள். பத்தேகால் வரை அறுபது வீதம்தான் முடிந்திருந்தது. நவரத்தினம் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார்.

"பிள்ளை, பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னம் எல்லாத்தையும் அழிச்சுப்போடும்."

"சேர், காப்பி பாதியிலதான் நிக்குது. பதினொன்றரை ஆகும்."

"ராகு காலத்தில ஒண்டையும் மூடக்கூடாது. மூடினது திரும்பத் திறபடும்."

"அப்ப பன்னிரண்டுக்குப் பிறகு செய்வோமே சேர்."

"பன்னிரண்டுக்குப் பிறகு மரணயோகம். உமக்கு உதெல்லாம் விளங்காது. எழும்பும்."

அவள் எழும்பினாள். அவர் அவளுடைய கதிரையில் அமர்ந்து, உமாசுதன் எழுதி வைத்த தாளைப் பார்த்து இரண்டு விரலால் தட்டினார். டேட்டாபேஸ் தவறுதலாக அழியாதிருக்க உமாசுதன் போட்டிருந்த பூட்டை முதல்நாளே அவளைக் கொண்டு எடுப்பித்திருந்தார். பூட்டு இருந்தால் பில் நிற்காது என்று யாரோ சொன்னார்களாம். அழிக்கும் கட்டளையைப் போட்டார். அப்போது மணி பத்து இருபது. முகத்தில் குடமுழுக்கு முடித்த களை.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அந்தக் கட்டளை தான் கட்டியவற்றின் பட்டியலொன்றை வைத்துக்கொண்டுதான் இடிக்கும். பட்டியலில் இருந்து ஒன்றை நீக்கிவிட்டால் அதை மறந்துவிடும்; இடிக்காமல் விட்டுப் போகும். பூட்டு எடுபட்ட அன்றைக்கே ஜீவராணி டேட்டாபேஸைப் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தாள். அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திரும்பச் சேர்க்கச் சொல்லியிருப்பார்.

திரையில் ஒவ்வொன்றாக அழிந்து வந்தது. பிரதி எடுத்துக்கொண்டிருந்த கணினியும் போனதால் பிரதி நடுவில் அறுந்து நின்றது. கடைசியில் சிவப்பு எழுத்தில் ஒரு பிழை: வலையமைப்பை அழிக்க முடியவில்லை, உள்ளே இன்னும் ஏதோ இருக்கிறது.

நவரத்தினம் சிவப்பை மட்டும்தான் வாசித்தார். பம்பலப்பிட்டிக்கு அனுப்பப் பிரதி இல்லை என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எழும்பி வெளியே வந்தார். கூடத்தில் கடைசி மருந்துக்காக நாற்பது பேர் இருந்தார்கள். முகத்துவாரத்துப் பேச்சியம்மா முன்வரிசையில்.

"எல்லாம் போயிட்டுது!" என்றார் அவர்களைப் பார்த்து. "உங்கட விவரமெல்லாம் இந்தப் பிள்ளை அழிச்சுப்போட்டுது. தோட்டத்து ஆக்களிட்டப் பொறுப்பைக் குடுத்தா உதுதான் நடக்கும்."

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் அவளுடைய பாட்டனோடு முடிந்தது. அவள் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். அது அவருக்குத் தெரியும். ஒன்பது வருடம் அவளுடைய சம்பளத் தாளில் முகவரி எழுதியவர் அவர்தான்.

"சேர், டேட்டாபேஸ் போகல. உள்ளதான் இருக்கு. அதைத்தான் அந்தச் சிவப்பு சொல்லுது" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"வாயைப் பொத்தும்!"

அவள் உள்ளே போய், கம்பனியின் இணையப் பக்கத்தைத் திறந்து, தனியே நின்றுகொண்டிருந்த டேட்டாபேஸைப் புதிதாகப் பிரதி எடுக்க விட்டாள். ராகு காலம் முழுவதும் அது ஓடியது. ஒன்றரைக்கு அறுநூற்று நாற்பது பெயரும் பம்பலப்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. பிறகுதான் டேட்டாபேஸைத் தன் கையாலேயே அழித்தாள், அவருடைய மரணயோகத்தில். அதற்குள் நாற்பது பேரும் கலைந்து போயிருந்தார்கள்.

நவரத்தினம் பின்னறையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். லண்டனுக்குத் தொலைபேசியில் சொல்வது கேட்டது: "ஓம், ஓம், ஒண்டும் தவறேல்லை. ராகு காலத்துக்கு முன்னம் துவங்கினபடியால்தான் தப்பினது."

அவள் வாசலில் நின்றாள். "சேர், அந்த நாப்பது பேர்கிட்டயும் நான் அழிக்கலன்னு நீங்க சொல்லணும்."

"சரி சரி பிள்ளை. ஒவ்வொருத்தருக்கா போன் அடிச்சுச் சொல்லுறன். நம்பரெல்லாம் இருக்குத்தானே."

ஞாயிற்றுக்கிழமை அவர் ரொறன்ரோவில் இருக்கும் மகனிடம் பறந்தார். நல்ல நேரம் பார்த்துத்தான் வீட்டுப் படி இறங்கினார் என்று கேள்வி.

ஜீவராணிக்குப் பிறகு பல நாள் ஒரு கேள்வி உறுத்தியது. பட்டியலிலிருந்து நீக்கியதை அந்த நாற்பது பேருக்கு முன்னால் உரத்துச் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லவில்லை? அவர் இன்னும் கொஞ்சம் விழட்டும் என்று காத்திருந்தாளா? அப்படியென்றால் அந்த மனிதரைவிட அவள் எவ்வளவு உயரம்? பதில் அவளுக்கு முழுதாகப் பிடிபடவில்லை. அவர் உயரமில்லை என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

போன மாதம் பம்பலப்பிட்டி வைத்தியசாலைக்கு ஒரு வேலையாகப் போனாள். வரிசையில் பேச்சியம்மா. கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு கொப்பித் தாள். அதில் அவளுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் பெயர்கள், யாரோ எழுதிக் கொடுத்தவை.

"என்ன பேச்சியம்மா, எல்லாம் இங்க கம்பியூட்டர்லயே இருக்கே. எதுக்குத் தாள்?"

"இருக்கட்டும் ராணி. நீ அழிச்சிட்டேன்னு சேர் சொன்னாரே அன்னைக்கு. மனுசர் தவறுறதுதான், நான் ஒண்ணும் மனசுல வச்சிக்கல."

"சேர் உங்களுக்குப் போன் எடுத்தாரா?"

"அவரு எதுக்கும்மா எனக்கு எடுக்கப் போறாரு?"

அறக்கட்டளையின் வாட்ஸ்அப் குழு இன்னும் மூடப்படவில்லை. நவரத்தினம் அதில் தினமும் காலை வணக்கம் போடுகிறார், பனிக்குவியலுக்கு முன்னால் நின்று எடுத்த படங்களோடு. நாற்பது பேருக்குச் சொல்ல வேண்டிய அந்த ஒரு வரியை இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.