பாலம் வருது, தாண்டி வா

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் போய்ப் போர்த்திக்கொண்டு தூங்குங்கள். பொய் சொல்வதால் எனக்கு ஒரு கிண்ணம் நூடுல்ஸ்கூட யாரும் தரப்போவதில்லை. இது நடந்தது. என் தோளில் நடந்தது.

என் பெயர் தஷு. சிச்சுவானில், எங்கள் மலையில், மூங்கில் நாற்காலி தூக்குகிறவன். இரண்டு நீளத் தண்டுகள், நடுவில் நாற்காலி, அதில் படி ஏற முடியாத சுற்றுலாக்காரர். முன்னால் நான். பின்னால் என் அக்கா புருஷன் ஷியாங் குய். பின்னால் வருகிறவருக்கு நாற்காலியின் முதுகுதான் தெரியும், பாதை தெரியாது. அதனால் முன்னால் போகிறவன் வழியைப் பாட்டாகக் கத்த வேண்டும், பின்னால் இருப்பவர் பதில் பாட வேண்டும். பதில் வந்தால்தான் அடுத்த அடி. தொழில் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எங்களுக்கு அதுதான் சட்டம்.

ஷியாங் குய் இருக்கிறாரே, சரியான வாயாடி. "வழுக்குது பாறை, பாரு!" என்று நான் கத்தினால், "உன் வழுக்கைக்கு முன்னால அது யாரு!" என்பார். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஆனாலும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு இலையெல்லாம் சிவந்து கிடந்தது. மேகக் கடலைப் பார்க்க நல்ல கூட்டம். மதியத்துக்கு மேல் காற்று கிளம்பியது, ரோப் காரை நிறுத்திவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, உச்சியில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அறுபது வயது இருக்கும். தனியாக வந்தவர். உதடு நீலம் பாரித்துவிட்டது. மூச்சு 'ஈ... ஈ...' என்று விசிலடித்தது. மருத்துவர் இருப்பது அடிவாரத்தில், நுழைவாயில் பக்கம்.

நான் பள்ளத்தாக்கைப் பார்த்தேன். மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது.

"மச்சான், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமா?"

"அந்தம்மா மூச்சு பொறுக்குமாடா? தூக்கு. நம்ம தோள்ல ஏறினவங்க கீழ உயிரோடதான் இறங்கணும்."

தூக்கினோம். மணி மூன்றரை.

முதல் பாலம் வருவதற்குள் மூடுபனியில் என் கால் எனக்கே தெரியவில்லை. பழைய கல் பாலம். ஒரு பக்கக் கைப்பிடியை மழை கொண்டுபோயிருந்தது. கீழே பள்ளம்.

"குறுகிப் போச்சு பாலம்!"

"உனக்கு நல்ல காலம்!" என்றார் மச்சான். கூடவே அவருடைய இரும்புப் பூண் போட்ட ஊன்றுகோல், 'டக்... டக்...'

பாதிப் பாலம் தாண்டியிருப்போம்.

'சரக்.'

தண்டு என் தோளை இழுத்துக்கொண்டு போனது. நாற்காலி சாய்ந்தது. அந்தம்மா அலறினார். செத்தோம் என்று நினைத்தேன். அடுத்த நொடி தண்டு நேரானது... யாரோ அழுத்திப் பிடித்தது போல.

எங்கோ கீழே கல்லின் மேல் கல் விழும் சத்தம்.

"மச்சான்?"

நான் அடுத்த அடி வைக்கவில்லை.

"மச்சான்!"

"போ."

உயிர் வந்தது எனக்கு. நடந்தேன்.

"வலப்பக்கம் பள்ளம்!"

"இடப்பக்கம் தள்ளிப் போ."

அவ்வளவுதான். கிண்டல் இல்லை, சிரிப்பு இல்லை. பாவம், பயந்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் காதில் உறைத்தது. 'டக் டக்' சத்தத்தைக் காணோம்.

ஊன்றுகோலைத் தவற விட்டிருப்பார்.

அந்தம்மா திரும்பிப் பின்னால் பார்த்தார். திடீரென்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். பின்பக்கம் கையைக் காட்டிக் காட்டி என்னவோ கத்தினார். உச்சியில் விட்டு வந்த பைக்காகத்தான் கத்துகிறார் போல, இருக்கிற கொஞ்ச மூச்சையும் இப்படிச் செலவழிக்கிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

"பை மேலதான் இருக்கும்மா! எங்கயும் போகாது! பேசாம இருங்க!"

என் பாஷை அவருக்குத் தெரியாது. அவர் பாஷை எனக்குத் தெரியாது. கடைசியில் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

மூடுபனிக்குள் எதுவும் தெரியவில்லை. அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று தடுமாறினேன். நான் கத்துவதற்கு முன்னாலேயே பின்னாலிருந்து பதில் வந்தது.

"இடது கால வை. மூணு படி. உடைஞ்ச கல்லு."

காலை வைத்துப் பார்த்தேன். மூன்று படி. உடைந்த கல்.

பின்னால் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

 தண்டு தோளில் இருந்தால் திரும்பிப் பார்க்க முடியாது. இறக்கி வைத்தால் அந்தம்மா மூச்சு தாங்காது. 'கடவுளே, கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிடு' என்று புலம்பிக்கொண்டே இறங்கினேன்.

இரண்டாவது பாலம்.

"பாலம் வருது... பயப்படாம தாண்டி வா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உயிரோடு இருப்பவருக்கு நாங்கள் இப்படிச் சொல்ல மாட்டோம். வெளியில் செத்தவரை வீட்டுக்குத் தூக்கி வரும்போதுதான் சொந்தக்காரர் ஒருவர் பாலத்துக்குப் பாலம் இப்படிச் சொல்லிக் கூட்டிவருவார். சொல்லாவிட்டால் ஆவி அந்தக் கரையிலேயே நின்றுவிடும்.

"வாயக் கழுவுங்க மச்சான்! அந்தம்மா இன்னும் உயிரோடதான் இருக்காங்க!"

"அவங்களுக்குச் சொல்லலடா."

குரல் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. தண்டு நீளத்துக்கு அப்பால் இருக்க வேண்டிய குரல்.

ஓடினேன். வழுக்கினாலும் ஓடினேன். பின்தண்டு ஆடவேயில்லை.

'ஈ... ஈ...' அந்தம்மா மூச்சு நிற்கவில்லை. அது ஒன்றுதான் எனக்குத் தெம்பு.

மூன்றாவது பாலம்.

"ஷியாங் குய்... பாலம் வருது... தாண்டி வா."

தன் பெயரைத் தானே சொன்னார்.

நான் வாய்விட்டு அழுதேன்.

அழுதுகொண்டே நடந்தேன்.

வெளிச்சம். நுழைவாயில். ஆட்கள் ஓடிவந்தார்கள்.

நுழைவாயில் காவலாளி என்னைப் பார்த்து வாயைப் பிளந்தான். "என்னடா இது... தனியாவா தூக்கிட்டு வந்தே?"

முன்தண்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

பின்னால் யாருமில்லை.

பின்தண்டு இரண்டும் தோள் உயரத்தில் நின்றன. பிறகு... மெதுவாக... இறங்கின.

அந்தம்மா பிழைத்துக்கொண்டார். நான் விளக்கு எடுத்துக்கொண்டு தேடப் போனவர்களோடு திரும்ப ஏறினேன். அக்காவிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, வேறு யாரும் சொல்லவுமில்லை. விடிந்த பிறகுதான் கிடைத்தார். முதல் பாலத்துக்கு நேர் கீழே, பாறை இடுக்கில். விழுந்ததுமே உயிர் போயிருக்கும் என்றார்கள்.

நாலு பேர் தூக்கினார்கள். சொல்லிக் கூட்டிவர வேண்டியவன் நான். பாலத்துக்குப் பாலம் நின்று, "மச்சான், பாலம் வருது, பயப்படாம தாண்டி வாங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு பாலத்தில்கூட அவர் கூட வருகிற மாதிரி ஒரு அசைவில்லை. அவரை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோமோ என்று பயந்தேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன்.

வீடு அடிவாரத்தில்தான். சத்தம் கேட்டு அக்கா வாசலுக்கு வந்தாள். முகத்தில் அழுகை இல்லை. எரிச்சல்தான் இருந்தது.

"ஏன்டா இப்படிக் கத்திக்கிட்டு வர்ற?"

"அக்கா... மச்சானை... கூட்டிட்டு வர்றேன்க்கா..."

"நல்லாக் கூட்டிட்டு வந்த போ! அவரு நேத்து இருட்டுறதுக்குள்ளயே வந்துட்டாரு. உடம்பெல்லாம் ஈரம். சோறு வேணாம்னுட்டாரு. 'அந்தம்மாவ உயிரோட இறக்கிட்டோம்'னு மட்டும் சொல்லிட்டுப் படுத்தவருதான், இன்னும் எழுந்திரிக்கல. மெதுவாப் பேசு."

தூக்கி வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அக்கா இன்னும் அவர்கள் பக்கம் பார்க்கவில்லை.

நான் உள்ளே போய்ப் படுக்கையறைக் கதவைத் தள்ளினேன்.

உள்பக்கம் தாழிட்டிருந்தது.