வக்கீல் வீட்டுத் தொட்டியில் வெளுத்த பவளம்

பவளம் வெளுத்துவிட்டது.

மீன் தொட்டித் தொழிலில் மீன் செத்தால் வாங்கினவன் திட்டுவான். வேறு மீன் கொடுத்தால் வாயை மூடிக்கொள்வான். பவளம் அப்படி இல்லை. ஒரேயடியாகச் சாகாது. வருகிறவன் போகிறவன் எல்லாம் கருத்துச் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும்.

எழுபதுகளின் நடுவில் செங்கற்பட்டில் வண்ண மீன் கடை வைத்திருந்தேன். ஊரிலேயே கடல் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். வக்கீல் வீட்டுக் கூடத்தில், நான் அமைத்தது. ராமேஸ்வரம் போகிறவர்கள் தீர்த்தம் கொண்டு வருவார்கள். வக்கீல் பவளம் கொண்டு வந்தார். பக்கத்து ஊரான மண்டபத்தில் வாங்கி, பிளாஸ்டிக் வாளியில் கடல் தண்ணீரோடு மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்த மனிதர். பார்த்தால் கல். ஆனால் அதன் மேலெல்லாம் உயிர். சுகமாக இருந்தால் பழுப்பும் பச்சையுமாகப் பொடிப் பூக்கள் போல விரியும். கொஞ்ச காலம் விரிந்தது. பிறகு சுருங்கிக்கொண்டு ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்தது.

எனக்கென்ன என்று விட முடியாது. மாமல்லபுரத்தில் கடலோரம் புதிதாக வந்த ஓட்டலின் மேனேஜர், "வக்கீல் வீட்டுல அது பொழைச்சா எங்க ஹாலுக்கும் ஒண்ணு போடுங்க, பெரிசா" என்று சொல்லியிருந்தார். அது கிடைத்தால் கடை நிற்கும். இல்லாவிட்டால் மைத்துனனின் உரக்கடையில் யூரியா மூட்டை எண்ணப் போக வேண்டும். எனக்கென்று நாற்காலியைத் துடைத்தே வைத்திருந்தான் அந்த மகராசன்.

அடுத்தவர் வீட்டுக்குள் போய் அடுத்தவர் பொருளைப் பழுது பார்க்கும் ரேடியோக்காரரே, பம்புசெட்டுக்காரரே, மேலே சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

கிரகம்

முதலில் வந்தவர் ஜோசியர். வக்கீல் வீட்டுக்குக் காபி குடிக்க வந்தவர், தொட்டி முன்னால் நின்றுவிட்டார். பவளம் என்றால் சிவப்பாக அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்டார். மோதிரத்தில் போடும் பவளம் வேறு ஜாதி, இது வேறு ஜாதி என்றேன். இது உயிரோடு இருக்கிறது, வெளுத்தால் நோய் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. விரலை விட்டு எண்ணினார். கண்ணை மூடினார். வக்கீல் பயபக்தியோடு நின்றார். கோர்ட்டில் எதிர்க்கட்சிக்காரனைக் கிழிக்கிற ஆள்!

கண்ணைத் திறந்து ஜோசியர் சொன்னார்: "சிவப்பு செவ்வாய்க்கு, வெள்ளை சுக்கிரனுக்கு. உங்க பவளம் கட்சி மாறிடுச்சு, அவ்வளவுதான். நோயெல்லாம் ஒண்ணும் கிடையாது."

உப்பு

தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. கடல் கரிப்பு இல்லை, அதற்கு மேலே. விசாரித்ததில் சமையல்கார அம்மா மாட்டினார். வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்றும். வற்றினதை அவர் தினம் நிரப்பியிருக்கிறார், கல்லுப்பு கரைத்து. கடல் தண்ணீர் குறைந்தால் உப்புத் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்? நியாயம்தான். அந்த நியாயத்தில்தான் பவளம் ஊறுகாய் ஆகிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, சாம்பார் வத்திப்போனா உப்பா போடுவீங்க?" என்றேன். "வெந்நீர் ஊத்துவேன்" என்றார். "இங்கேயும் அதேதான். ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயேதான் கிடக்கு. நல்ல தண்ணிதான் ஊத்தணும்" என்றேன். கையை முந்தானையில் துடைத்தார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "அம்மா, இந்தாளு நம்ம சாம்பாரையும் கொறை சொல்றாரு!"

புதுத் தண்ணீர்

பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுக் கடல் தண்ணீர் விடுவது என்று முடிவு செய்தேன். கரைத் தண்ணீர் மணல் கலங்கலாக இருக்கும், ஆகாது. நெம்மேலியில் கட்டுமரக்காரர் ஏழுமலையைப் பிடித்தேன். அலை தாண்டிப் போய் மொண்டு வரச் சொன்னேன். "இன்னா அண்ணாத்த, நாங்க கடலுக்குப் போயி மீனு கொண்டாறோம், நீ தண்ணி கேக்குற? வூட்ல எல்லாரும் சொகமா கீறாங்களா?" என்று விசாரித்தார். சிரித்துக்கொண்டே கொண்டுவந்தும் கொடுத்தார்.

கேன்களோடு பஸ் ஏறினேன். மதுவிலக்குக் காலம். கேனோடு போகிறவனெல்லாம் கள்ளச் சாராயக்காரன். திருக்கழுக்குன்றத்தில் ஏட்டு ஏறினார். மூடியைத் திறக்கச் சொன்னார். மோந்தார். வாசனை இல்லை என்றதும் சந்தேகம் கூடிவிட்டது. "புதுச் சரக்கா?" என்றார். கடல் தண்ணீர் என்று சொல்லச் சொல்ல, மூடியில் ஊற்றி ஒரே மடக்காகக் குடித்தார். பஸ்ஸே பார்த்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, மரியாதை குறையாமல் சொன்னார்: "இது கடல் தண்ணிதான். ஆனா நீ எதுக்கும் ஸ்டேஷனுக்கு வந்து, எதுக்குன்னு ஒரு தடவை சொல்லிட்டுப் போ."

மேனேஜர் பார்க்க வந்தார்

புதுத் தண்ணீர் வேலை செய்தது. புதன்கிழமை பவளம் லேசாகத் திறந்தது. வியாழக்கிழமை இன்னும் கொஞ்சம். ஓட்டல் மேனேஜருக்குச் சொல்லி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார். கூடத்தில் நுழைந்தால் ஒரே சாம்பிராணிப் புகை. வக்கீலம்மா தூபக்காலோடு கூடம் முழுக்கச் சுற்றி, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, தொட்டிக்கும் பக்தியாக ஒரு சுற்றுக் காட்டினார்.

புகைக்குள்ளே கண்ணைக் கசக்கிக்கொண்டு மேனேஜர் குனிந்து பார்த்தார். பவளம் இறுக மூடிக் கிடந்தது. நேற்றுத் திறந்திருந்தது என்றேன். தலையாட்டினார். நேற்று நல்லாயிருந்தது என்று சொல்லாத கடைக்காரன் உலகத்தில் உண்டா? பொங்கலுக்கு முதலாளி வருகிறார், அதற்குள் சரியானால் பார்க்கலாம் என்று எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னார்: "சார், கல்லைப் பார்க்க உலகமே எங்க ஊருக்கு வருது. நான் கல்லைப் பார்க்க செங்கற்பட்டுக்கு வந்திருக்கேன் பாருங்க."

திருஷ்டி

மேனேஜரின் கண் பட்டுவிட்டது என்று வக்கீலம்மா தீர்ப்பளித்தார். அதிலிருந்து வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை, தினமும் புகை. சாம்பிராணியோடு வேப்பிலை, கடுகு, காய்ந்த மிளகாய். தொட்டிக்கென்றே தனித் தூபக்கால். பவளம் மேலும் வெளுத்தது. அது வெளுக்க வெளுக்கப் புகை கூடியது. புகை கூடக் கூட அது வெளுத்தது.

நான் விளக்கை மாற்றிப் பார்த்தேன். ஜன்னல் வெயில் அதிகமோ என்று துணி கட்டினேன். மணலைக் கழுவினேன். போகும்போதெல்லாம் தும்மினேன். உரக்கடை மைத்துனனும் வழியில் பார்க்கும்போதெல்லாம் ஆதரவாகச் சிரித்தான். ஒவ்வொரு தடவையும் வக்கீலிடம் ஒரு புதுக் காரணம் சொன்னேன். ஒரு நாள் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்: "இந்த மாதிரி வாதத்தை நான் வாயிதா வாங்கத்தான்யா உபயோகிப்பேன். நீ கேஸ் ஜெயிக்க உபயோகிக்கிறே."

சம்பந்தி

மார்கழியில் வக்கீல் மகள் வளைகாப்புக்கு வந்தாள். கூடவே மாமியார், காஞ்சிபுரத்திலிருந்து. பொங்கல் வரை இருப்பதாக ஏற்பாடு. வீடே நடுங்கியது. அந்த அம்மாவுக்கு இழுப்பு. வந்த சாயங்காலமே வக்கீலம்மா தூபக்காலைத் தூக்க, சம்பந்தியம்மாவுக்கு மூச்சு முட்டிவிட்டது. இருமி முடித்து, எழுந்து, தூபக்காலை வாங்கி, நேராகக் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார். "நான் இந்த வூட்ல இருக்கிற வரைக்கும் நெருப்பு அடுப்புல மட்டும்தான் எரியணும்" என்றார். சம்பந்தி வார்த்தைக்கு மறுவார்த்தை ஏது?

அடுத்த தடவை நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை. ஆனாலும் கூடத்தில் புகை இல்லை. பவளம் திறந்திருந்தது. கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தேன். பூப்பூவாகத் திறந்திருந்தது. வெளுத்த ஓரத்தில்கூட லேசாகப் பழுப்பு. நின்று யோசித்தேன். காற்றுப் பம்பு பூஜை அலமாரியின் மேல் உட்கார்ந்திருந்தது. கூடத்துக் காற்றை இழுத்துக் குழாய் வழியாகத் தொட்டிக்குள் குமிழியாக விடுகிற பம்பு. கூடத்தில் புகை இருந்தால் அது இழுப்பதும் புகையைத்தான். தண்ணீருக்குள்ளேயே சாம்பிராணி போட்டிருக்கிறோம், மிளகாய் நெடியோடு! பம்பைக் கழற்றிப் பின்கட்டு ஜன்னலுக்கு வெளியே மாட்டினேன். வக்கீலிடம் மட்டும் காரணத்தைச் சொன்னேன்.

பொங்கலுக்கு ஓட்டல் முதலாளியே வந்தார். பவளம் முழுக்க விரிந்து நின்றது. கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்துவிட்டு, அங்கேயே தன் ஹாலுக்குத் தொட்டி போடச் சொல்லிவிட்டார். எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். வக்கீல் என் கையை அழுத்தினார். கூடத்து ஊஞ்சலில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சம்பந்தியம்மா வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். முதலாளியை வழியனுப்பிவிட்டு வந்து வக்கீல் என் காதோடு சொன்னார்: "ஓட்டல், கோர்ட்டு, எங்கே வேணாலும் சொல்லு. அந்தம்மா காதுல மட்டும் போட்டுடாதே. ஏற்கெனவே அவங்க அதிகாரத்தையே எங்களால தாங்க முடியலை."

ஜோசியர் முதல் மேனேஜர் வரை இத்தனை பேர் பார்த்தும், நான் முட்டி மோதியும் தேறாத பவளத்தைப் பிழைக்க வைத்தது, அதன் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காத காஞ்சிபுரத்துச் சம்பந்தி மரகதம்மாள்.